மஞ்சள் குளித்த பிள்ளை

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். மலையூரான ரிங்லெட்டில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு அது தெரியும். சளிக்கு மருந்து வாங்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அந்த இளம் தாயும், கைக்குழந்தையின் கம்பளித் தொப்பியைப் பயந்து பயந்துதான் கழற்றினாள். குழந்தையின் முகம் மஞ்சளாக இருந்தது.

"பொம்பளப் பிள்ள டாக்டர். மஞ்ச தேச்சிக் குளிப்பாட்டுறோம்லா, அதான்."

"கண்ணுக்குள்ளயுமா தேச்ச?" என்று கத்திவிட்டேன். விழியின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தது. இந்தக் குளிரில் கம்பளிக்குள்ளேயே கிடக்கும் பிள்ளையை வெளிச்சத்தில் யார் பார்க்கிறார்கள்?

டயப்பரைக் காட்டச் சொன்னேன். "ஐயோ, அசிங்கம் டாக்டர்" என்று கூசினாள். விடாமல் பிரித்துப் பார்த்தேன். மலம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஈரலிலிருந்து வரும் பித்தம் குடலுக்கு இறங்கவில்லை. பித்தக்குழாய் அடைத்துப்போகும் அபூர்வ நோயாக இருக்கலாம். சீக்கிரம் அறுவை செய்தால்தான் ஈரல் தப்பும். பிள்ளைக்கோ இரண்டு மாதம் ஆகப்போகிறது.

சில மணி நேரம் பால் கொடுக்க வேண்டாம் என்றேன். பிள்ளை வீறிட்டது. காத்திருந்தவர்கள் எல்லோரும் என்னை அரக்கியைப் போலப் பார்த்தார்கள். பிறகு போனோடு இணைக்கும் சின்ன ஸ்கேன் கருவியை எடுத்தேன்.

"ஸ்கேன் வயித்துல இருக்குற பிள்ளைக்குத்தானே எடுப்பாங்க?"

"இது பிள்ளையோட வயித்துக்கு. காலை நல்லா புடிச்சுக்க."

பசித்த வயிற்றில் பித்தப்பை நிரம்பி, திரையில் கறுப்பாகத் தெரிய வேண்டும். ஈரலை ஒட்டி மேலும் கீழும் தேடினேன். இரு, எங்கேயாவது இருந்து தொலை என்று மனதுக்குள் கெஞ்சினேன். காணோம்.

இதை மட்டும் வைத்து நோய் இன்னதென்று சொல்லிவிட முடியாது. அதற்காகச் சும்மா இருக்கவும் முடியாது. இன்றே கோலாலம்பூருக்குப் போ என்றேன்.

"கொஞ்ச நாள் காலைல வெயில்ல காட்டிப் பாக்கட்டுமா டாக்டர்?"

"எந்த வெயில்ல?" என்று ஜன்னலைக் காட்டினேன். வெளியே பனிமூட்டத்தில் எதிர்க்கடைகூடத் தெரியவில்லை. அவளே சிரித்துவிட்டாள், அழுதுகொண்டே. அன்றே கிளம்பினார்கள். அங்கே அந்த நோய்தான் என்று உறுதி செய்து, உடனே அறுவையும் செய்தார்கள்.

சில வாரம் கழித்து, வரிசையைத் தாண்டி நேரே உள்ளே வந்து, என் மேஜை மேல் ஒரு டயப்பரைப் பிரித்து வைத்தாள்.

"பச்சையா போயிருக்கா டாக்டர்! பாருங்க!"

பித்தம் குடலுக்கு இறங்கியிருந்தது. அந்த ஈரல் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. வாசலில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் விளக்கைப் பக்கத்தில் இழுத்து, ஆசை தீரப் பார்த்தேன்.