ஸோயாவின் கண்ணாடி

கத்தரியை எடுக்குமுன் ஸோயா கண்ணாடியில் ஒருமுறை ஆவி ஊதி, மேலங்கி நுனியால் துடைப்பாள். குண்டு விழுந்த அன்று எங்கள் கார்கிவ் குடியிருப்பில் ஒரு ஜன்னல்கூட மிஞ்சவில்லை. இவளுடைய ஆளுயரக் கண்ணாடியில் மட்டும் ஒரு கீறலும் இல்லை. அவளுக்கு அந்தப் பெருமை தாங்க முடியாது. "என் மூஞ்சியைப் பாத்துப் பாத்து அதுக்கும் தோல் தடிச்சுப் போச்சுடி" என்பாள்.

எழுபது வயதாகிறது. வீட்டிலேயே முடி வெட்டுகிறாள். உதட்டுச்சாயம் பூசாமல், குண்டுக்கு ஒதுங்க நிலவறைக்குக்கூட இறங்க மாட்டாள். "செத்தாலும் லட்சணமா சாகணும்!" திட்டுவது, கொஞ்சுவது எல்லாம் ருஷ்ய மொழியில்தான். அடுத்த வீட்டுக்காரியான நான் அந்தக் கண்ணாடி மூடியிருக்கப் பார்த்தது ஒரே தடவை, அவள் புருஷன் இறந்தபோது. சாவு விழுந்த வீட்டில் கண்ணாடியை மூடிவிடுவது எங்கள் வழக்கம்.

ஞாயிறுதோறும் அவள் தம்பி அர்கடி போனில் கூப்பிடுவான். எல்லைக்கு அந்தப் பக்கம், ருஷ்யாவில், பெல்கோரத்தில் இருக்கிறான். அம்மா போனபின் இவள் தூக்கி வளர்த்த பிள்ளை. கை ஓயாதவள், ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். நாற்காலியில் யார் இருந்தாலும் அவனை நலம் விசாரித்தாக வேண்டும். போர் வந்தும் அது நிற்கவில்லை. "அவன் குரல் கேட்டாத்தான் எனக்கு அந்த வாரம் ஓடும்" என்பாள்.

போன ஞாயிறு நாற்காலியில் நான். ஒரு பக்கம் வெட்டியாயிற்று.

"அக்கா, கொஞ்சம் பொறுத்துக்கோ. அந்த நாஜிங்ககிட்டேருந்து எங்க ஆளுங்க உங்களை மீட்டுடுவாங்க."

"எந்த நாஜிடா? கீழ் வீட்டு பிளம்பரா? இல்ல, இங்க அரைத் தலையோட உக்காந்திருக்காளே நெல்யா, இவளா?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"டிவியில தினம் காட்டுறாங்கக்கா."

"எங்க ஜன்னலை ஒடைச்சது உங்க ஆளுங்கடா. இங்க இருக்கிறவ சொல்றேன்!"

"உங்க ஆளுங்களே போட்டுட்டு எங்க மேல பழியைப் போடறாங்க. உன்னையும் நல்லா மாத்திட்டாங்க."

ஸோயா கத்தரியை நிறுத்தினாள். "அர்கடி, ஹிட்லர் படையோட சண்டை போட்டு அப்பா காலை இழந்தாரு. தினம் காலையில அந்த மரக்காலை நீயும் நானும்தானே மாட்டிவிடுவோம்? அந்த மனுஷனோட பொண்ணுடா நான். இப்பச் சொல்லு, நான் யாரு?"

"நீயும் நாஜிதான்" என்றான். கோபமே இல்லை. மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

அடப்பாவி! எத்தனையோ குண்டுச் சத்தம் கேட்ட காது. இந்த ஒரு சொல்லை அதனால் தாங்க முடியவில்லை. வளர்த்தவளைப் பார்த்தா அப்படிச் சொல்வான்?

ஸோயா போனை அணைத்தாள். வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். ஒட்டியிருந்த முடியை உதறினாள். முக்காலியில் ஏறி, அந்தத் துணியால் கண்ணாடியை மேலிருந்து கீழ்வரை மூடினாள்.

இறங்கி வந்து, "தலையைக் குனி" என்றாள். மறுபக்கத்தை வெட்டத் தொடங்கினாள்.