ஸ்கூட்டரின் பின்னால் ஓடுகிறவர்

காலை ஆறு மணிக்கு அபிராமபுரத்தில் எங்கள் தெருவில் ஷகீலா ஓடிக்கொண்டிருக்கிறார். வலது கை ஸ்கூட்டரின் பின் கம்பியைப் பிடித்திருக்கிறது. இடது கை, ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால், தொடாமல், தொட்டுவிடும் தூரத்தில் இருக்கிறது. "தோள லூசா வுடுங்க. ரோட்டப் பாருங்க, கையப் பாக்காதீங்க." தெருமுனை வந்ததும் வண்டியைத் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டம்.

நாற்பத்தாறு வயது. மீர்சாகிப்பேட்டையில் வீடு. தலையில் இறுகக் கட்டிய துணி, சுடிதாருக்குக் கீழே ஆண்கள் போடும் கான்வாஸ் ஷூ. பதினொரு வருடமாகப் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித்தருகிறார். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயை நின்றபடியே குடிப்பார், அதிலும் பாதியை வைத்துவிடுவார். ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் அடுத்து வரவேண்டியவரைத் தேடும்.

அவரிடம் சேர்ந்தால் முதல் இரண்டு நாள் வண்டியில் ஏற முடியாது. எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருவைச் சுற்ற வேண்டும். அதன் கனம் கைக்குப் பழகிய பிறகுதான் சாவி கிடைக்கும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"சின்னப் பசங்க வுழுந்தா முட்டியப் பாப்பாங்க சார். பெரியவங்க வுழுந்தா யாரு பார்த்தாங்கன்னு பாப்பாங்க. அந்த பயத்தோட வண்டி வெயிட்டும் சேந்தா இன்னா பண்ணுவாங்க?"

போன வருடம் ஹம்சா அவரிடம் சேர்ந்தார். தெருவின் கடைசி வீடு, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. அவருடைய கணவர் சுப்பராமன் வாரத்தில் நான்கு நாள் ஆழ்வார்பேட்டைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து வந்தார். பார்வை மங்கியதும் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார். போனில் பதிவு செய்த ஆட்டோ வராமல் போகும் நாட்களில் வாசலில் கால் மணி நேரம் நிற்பார். பிறகு சட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போய்விடுவார். அதைப் பார்க்க முடியாமல்தான் ஹம்சா வந்தார்.

நான்காவது வாரம், எல்லோரிடமும் செய்வதை ஷகீலா அவரிடமும் செய்தார். "புடிச்சிக்கினுதான் கீறேன் மாமி, போங்க" என்று சொல்லிக்கொண்டே கம்பியை விட்டுவிட்டார். ஹம்சா நான்கு வீடு தாண்டி அழகாகப் போனார். ஏதோ கேட்டிருக்கிறார், பதில் வெகு தூரத்திலிருந்து வந்தது. கண்ணாடியில் பார்த்தால், ஷகீலா நடுத்தெருவில் நின்று முகம் துடைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த கணம் வண்டி, ஓரமாக நின்றிருந்த காரில் உரசிச் சாய்ந்தது. மணிக்கட்டு எலும்பில் விரிசல்.

நடைப்பயிற்சிக்கு வந்திருந்த நாங்கள் ஓடிப்போய்த் தூக்கினோம். ஹம்சா அழவுமில்லை, திட்டவுமில்லை. ஷகீலாவை நிமிர்ந்து பார்த்தார்.

"விழுந்தது போகட்டும். பிடிச்சிண்டிருக்கேன்னு சொன்னேளே, அது எதுக்கு? நான் என்ன குழந்தையா?"

ஷகீலா சாய்ந்து கிடந்த வண்டியை நிமிர்த்தினார். பதினொரு வருடத்தில் நூற்றுக்கணக்கானவர்களிடம் சொன்ன வார்த்தை அது. ஓட்டப் பழகிய பிறகு அவர்களே அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் அது பொய் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

மூன்றாம் நாள் ஹம்சாவின் வீட்டுக்குப் போனார். நாற்காலி போட்டும் உட்காராமல், கூடத்தில் நடந்துகொண்டே, வேறு எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று கேட்டாராம். விடப்போவதைச் சொல்லிவிட்டு விட்டிருந்தால் போதும் என்றாராம் ஹம்சா.

ஷகீலா அப்படியே சொல்லிப் பார்த்தார். சரிவரவில்லை. "வுடப்போறேன்" என்று காதில் விழுந்ததுமே ஒருவர் பிரேக்கை அழுத்தினார். இன்னொருவர் ஓடும் வண்டியிலிருந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றினார். தி.நகர் நகைக்கடையில் வேலை பார்க்கும் சந்திரிகா, விடுவீர்கள் என்று தெரிந்தால் என்னால் வண்டியில் ஏறவே முடியாது என்று சொல்லிவிட்டு, அடையாறில் பத்தே நாளில் பழக்கிவிடும் வேறொருவரிடம் போய்விட்டார்.

அந்த நாட்களில் ஷகீலாவின் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. என் வீட்டு கேட்டின் முன்னால் இப்படியும் அப்படியுமாக நடந்துகொண்டே சொன்னார்: "பொய் சொன்னா கத்துக்குறாங்க. நெஜம் சொன்னா நின்னுடுறாங்க. அப்போ இத்தினி வருசமா நான் இன்னாதான் சொல்லிக்குடுத்தேன் சார்?" நானும் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன்தான். அந்தக் கேள்வியோடுதான் அன்று வகுப்புக்குப் போனேன்.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பியை எப்போது விடுவது என்பதை இனி அவர் முடிவு செய்வதில்லை. ஓட்டுகிறவர் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை ஓடுவார். சிலர் மூன்றே நாளில் சொன்னார்கள். லாவண்யா என்ற பள்ளி ஆசிரியை பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டார். ஒரு காலையில் ஆறு பேருக்குச் சொல்லித்தந்தவரால் மூன்று பேருக்குத்தான் முடிந்தது. ஓடி ஓடி அவர் முழங்காலில் வலிக்குப் போடும் பட்டை ஏறியது. பழையபடி செய்துவிடலாமா என்று தினமும் தோன்றுகிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

கட்டுப் பிரித்து ஒரு மாதம் கழித்து ஹம்சா திரும்பி வந்தார். ஷகீலா ஓடினார். ஒரு வாரம் போயிற்று. ஹம்சா சொல்லவில்லை, ஷகீலாவும் கேட்கவில்லை. நடைப்பயிற்சிக்குப் போகும் எங்களுக்குத்தான் பொறுக்கவில்லை. வண்டி பக்கத்தில் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தோம்.

ஒன்பதாம் நாள் வண்டி தெருவின் பாதியைத் தாண்டியிருந்தது. சுப்பராமன் கேட்டைப் பிடித்தபடி, வண்டிச் சத்தம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றிருந்தார்.

"ம், விடுங்கோ" என்றார் ஹம்சா.

ஷகீலா விட்டார். வண்டி ஒருமுறை லேசாக அலைந்து, பிறகு நேரானது. வேலை முடிந்தது, அவர் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கண்ணாடியில் நன்றாகத் தெரியும்படி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, தெருமுனைவரை பின்னாலேயே ஓடினார்.