கறுப்புக்குக் கீழே நிக்கல்

பழைய ரிவால்வருக்குக் கம்பெனியில் என்ன பூச்சு கொடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க நல்ல கண்ணும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். கண் எனக்கு நன்றாகவே இருந்தது. பொறுமைதான் இல்லை. அதனால் பெற்ற அப்பாவை நாலு வருஷம் பொய்யராக்கி வைத்திருந்தேன்.

தஞ்சாவூரில் ஆயுதப்படைப் போலீஸில் ஆர்மரராக இருந்தவன் நான். ஆர்மரர் என்றால் துப்பாக்கி சுடுகிறவன் இல்லை. கழற்றித் துடைத்து, பழுது பார்த்து, எண்ணெய் போட்டு, திரும்ப மாட்டி வைக்கிறவன். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அம்மா என்னை, "போலீசுல மெக்கானிக்கா இருக்கான்" என்று அறிமுகப்படுத்தினாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் பெண் வீட்டாருக்கு மெக்கானிக் என்பது பிடித்துப்போய், காரியம் கைகூடியது.

அப்பா கூத்தாநல்லூருக்குத் தெற்கே எங்கள் கிராமத்தில் பண்ணை வேலை பார்த்தவர். பிற்பாடு கொஞ்சம் நிலம் எங்களுக்கென்று வந்தது. அதற்கு முந்தைய நாட்களில் நாற்று, நடவு, அறுப்பு எல்லாம் மிராசுதாரின் வயலில்தான். ஆட்சி மாறிய புதிது அது. டீக்கடை பெஞ்சில் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி, வரப்பில் சிவப்புக் கொடி, மிராசுதார் வீட்டு வாசலில் வெளியூர் ஆட்கள் என்று ஊரே விறைத்துக்கொண்டு நின்ற காலம். அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டித் தரச் சொல்லி எங்கள் தெருக்காரர்கள் களத்தில் போய் நின்றார்கள். முன்னால் நின்று பேச அப்பாவை விட்டார்கள். குரல் பெரியது, பயம் குறைவு என்பதால் அவருக்கு அந்த இடம்.

பேச்சு முற்றியதும் மிராசுதார் இடுப்பிலிருந்து ரிவால்வரை எடுத்து அப்பாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டிவிட்டார். சுடவில்லை. அப்பாவும் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள்தான் அவரைத் தூக்காத குறையாக இழுத்து வந்தார்கள். மறுநாள் சங்கத்துக்காரர்கள் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். என்ன மாதிரித் துப்பாக்கி என்று கேட்டதற்கு அப்பா, "வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்துச்சுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். மிராசுதார் வீட்டு முற்றத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள். மேஜையில் ரிவால்வர் இருந்தது. லைசென்ஸில் எழுதியிருந்த நம்பரும் அதில் இருந்த நம்பரும் ஒன்றுதான். ஆனால் துப்பாக்கி அட்டைக் கரியாக இருந்தது.

"இதுவாடா வெள்ளி?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர். வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். உடன் வந்த எங்கள் தெருக்காரர்களைக் கேட்டதற்கு, "வெயில்ல கண்ணு கூசிச்சுங்க, சரியாப் பாக்கலைங்க" என்று ஒரே பாட்டாகப் பாடினார்கள். பொய்ப் புகார் என்று எழுதி அப்பாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கூலிப் பேச்சிலும் அவரை முன்னால் நிற்க விடவில்லை. பொய்க்காரன் என்று பேர் வாங்கியவன் பேசினால் எடுபடாதாம். அந்தக் குரலை வைத்துக்கொண்டு மனிதர் பின்வரிசையில் நின்றார். அதுதான் அவருக்கு உயிர்போகிற வேதனை.

ஊரில் 'வெள்ளித் துப்பாக்கி' என்பது அளப்புக்குப் பேராகிவிட்டது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். முழங்கை நீளத்துக்கு விரால் பிடித்தேன் என்று அப்பா சொன்னால், "வெள்ளித் துப்பாக்கியால சுட்டுப் புடிச்சீங்களா?" என்பாள் அம்மா. அவர் முறைப்பார். அவள் குழம்பைக் கூட ஒரு கரண்டி ஊற்றுவாள். இந்தக் கூத்து வாரம் ஒருமுறையாவது நடக்கும். நான் சிரிக்க மாட்டேன். அப்பாவுக்காகப் பேசவும் மாட்டேன்.

அப்பாவோ விடாமல் அந்தக் கதையை என்னிடம் சொல்வார். சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடும்போது சொல்வார், போலீஸ் தேர்வுக்குப் பஸ் ஏற்றிவிட வந்தபோதும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் களத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்பார். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டெல்லாம் எண்ணி முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். நான் வேலையில் சேர்ந்த பிறகு வந்த முதல் தேர்தலில், ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் அவற்றைச் சரிபார்க்கிற வேலை எனக்கு விழுந்தது. எங்கள் பக்கத்து ஸ்டேஷனில், கல்யாணத்தில் தேங்காய் பழம் போட்டுக் கொடுக்கிற மஞ்சள் பையிலிருந்து மிராசுதாரின் ரிவால்வர் வெளியே வந்தது. 

நடுவில் ஒடித்துத் திறக்கிற இங்கிலாந்து ரிவால்வர். ஆறு குண்டு. குட்டையான குழல். கண்ணில் பட்டதெல்லாம் கறுப்பு. உலக யுத்தத்துக்குப் பிறகு பட்டாளத்தில் பழைய ரிவால்வர்களுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துச் சூளையில் வைத்து எடுத்தார்கள் என்று பயிற்சியில் படித்திருந்தேன். படிப்பு புதுசு, ஆளும் புதுசு. பார்த்த மாத்திரத்தில் 'பட்டாளத்துப் பெயிண்ட்' என்று முடிவு கட்டிவிட்டேன். ஒடித்துப் பார்த்தபோது கீல் பக்கத்தில் லேசாக வெள்ளை தெரிந்தது. தேய்ந்த இரும்பு என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். ஆறுதலாகச் சொல்வதாகத்தான் நினைப்பு. "அப்பா, நான் கையில வாங்கிப் பாத்துட்டேன். அது பட்டாளத்துப் பெயிண்ட், மிராசுதார் கைக்கு வரும்போதே கறுப்புதான். வெயில் பட்டு உங்களுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். "சரிடா" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒரு பாரம் இறங்கியது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். எவ்வளவு மடையன்!

நாலு வருஷம் கழித்து மிராசுதார் காலமானார். மெட்ராஸில் இன்ஜினியராக இருந்த அவருடைய மகனுக்குத் துப்பாக்கி ஒரு தலைவலி. பெங்களூரில் பழைய துப்பாக்கிகளைச் சேர்க்கிற லைசென்ஸ்காரர் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம். இந்த மாடலை அந்தக் கம்பெனி பெரும்பாலும் நீலக் கறுப்பாகத்தான் செய்தது, கேட்டவர்களுக்கு மட்டும் சிலதை நிக்கல் பூசிக் கொடுத்தது. உங்களுடையது நிக்கலாக இருந்தால் அபூர்வம், இல்லையென்றால் பத்தோடு பதினொன்று, ஆர்மரரிடம் காட்டி எழுதி வாங்குங்கள் என்றாராம். அப்படித்தான் அந்த ரிவால்வர் இரண்டாம் தடவையாக என் கைக்கு வந்தது.

மகன் நல்ல மாதிரி. சட்டையை மடித்து விட்டுக்கொண்டு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "நிக்கலா இருக்க வாய்ப்பு இருக்குங்களா சார்?" என்று ஆசையாகக் கேட்டார். இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று வாயெடுத்தேன். எழுதிக் கொடுக்க வேண்டிய விஷயம் என்பதால் முறைப்படியே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் நம்பர். துப்பாக்கியின் உடல், குழல், குண்டு உருளை மூன்றிலும் ஒரே நம்பர். பாகம் எதுவும் மாற்றவில்லை. அடுத்து முத்திரைகள். பட்டாளத்துத் துப்பாக்கி என்றால் அரசாங்கத்து அம்புக்குறி ஒன்று குத்தியிருக்க வேண்டும். லென்ஸை வைத்து இண்டு இடுக்கெல்லாம் தேடினேன். அம்பு இல்லை. பட்டாளத்துக்கே போகாத துப்பாக்கிக்குப் பட்டாளத்துப் பெயிண்ட் எப்படி வரும்?  நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு நிமிஷம் கூடச் செலவழித்திருந்தால் இதைப் பார்த்திருப்பேன்.

கீல் பக்கத்து வெள்ளையை இந்தத் தடவை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். வெறும் எஃகு தேய்ந்தால் நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். நிக்கலில் லேசாக ஒரு மஞ்சள் சாயல் இருக்கும். இதில் இருந்தது மஞ்சள்.

மகனிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, குழலின் ஓரத்தில் நகத்தளவு இடத்தில் தின்னர் நனைத்த பஞ்சை வைத்துத் தேய்த்தேன். கறுப்பு கரைந்தது. அதற்குக் கீழே நிக்கல் வரும் என்று பார்த்தால், நூல் மாதிரி ஒரு தங்கக் கோடு வந்தது. நான் பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். கோட்டைத் தொடர்ந்து இன்னும் கொஞ்சம் துடைத்தேன். முனையில் அது ஒரு சின்னக் கொக்கியாக வளைந்து நின்றது.

அந்தக் கொக்கியை எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துச் சைக்கிள் எல்லாவற்றிலும் அது உண்டு. கடைத்தெருவில் சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், கறுப்பு காய்ந்ததும் மட்கார்டு ஓரத்தில் தங்கக் கோடு இழுத்து, முனையில் அப்படி ஒரு வளைவு வளைத்து விடுவார். அப்பா என்னை உட்கார வைத்து மிதித்த சைக்கிளிலும் அது இருந்தது. மனிதருக்கு ரிவால்வரைக் கொடுத்தாலும் கை கேட்கவில்லை, பழக்கத்தில் கோடு இழுத்துவிட்டார். அப்புறம் யாரோ சத்தம் போட்டிருப்பார்கள், அதன்மேல் இன்னொரு கறுப்பு அடித்து மூடியிருக்கிறார். நான் ஆபீஸ் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகன் பயந்து போய், "என்னாச்சு சார்?" என்றார்.

கைப்பிடியின் மரத்துண்டுகளைக் கழற்றி அங்கேயும் துடைத்தேன். மேல் கறுப்பு, அடிக் கறுப்பு, அதற்கும் கீழே செங்காவி பிரைமர், எல்லாவற்றுக்கும் அடியில், கம்பெனியிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரி நிக்கல். அரம் படவில்லை, உப்புத்தாளும் படவில்லை. குழலில் கம்பெனி எழுத்துகளின் விளிம்பு கூர் மழுங்காமல் இருந்தது. சைக்கிள் பெயிண்ட் அதைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியிருக்கிறது.

"நிக்கல்தாங்க. அபூர்வமான துப்பாக்கி" என்றேன்.

மகனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "எனக்கு அப்பவே சந்தேகம் சார். சின்ன வயசுல ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வச்சு இதையும் வைப்பாங்க, பளபளன்னு இருக்கும். அப்புறம் ஒரு வருஷம் பாத்தா கறுப்பா இருந்துச்சு. அப்பாகிட்ட கேட்டதுக்கு அடிதான் விழுந்துச்சு. இவ்வளவு அழகா இருக்கறத எதுக்கு சார் மறைச்சாரு?"

"எங்கப்பா ஒரு நாள் உங்கப்பாகிட்ட அரை மரக்கால் நெல்லு கூடக் கேட்டாருங்க" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். முழுசாகச் சொன்னேன். களத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பதிலிருந்து சொன்னேன்.  முடித்ததும் மடித்து விட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "ரிப்போர்ட்டுல பெயிண்ட் சமாச்சாரத்தையும் எழுதுங்க சார். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு அன்று பிரியம் வந்துவிட்டது.

எழுதினேன். மூலப் பூச்சு நிக்கல். கறுப்பு வண்ணம் பிற்காலத்தில் உள்ளூரில், சைக்கிளுக்குப் பூசும் வண்ணம் கொண்டு பூசப்பட்டது. கையெழுத்து, முத்திரை. கார்பன் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஊருக்குப் போனேன்.

அப்பா எங்கள் வயலில் மடை கட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே வாசித்துக் காட்டினேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். "இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். தங்கக் கோட்டைப் பற்றிச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்தாளு கோமணத்துக்கும் கோடு இழுப்பானே!" என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வாங்கப்பா, டீக்கடைக்குப் போவோம். எல்லாரையும் வச்சுக்கிட்டுச் சத்தமாப் படிக்கிறேன். உங்களைப் பொய்க்காரன்னு சொன்னானுங்கல்ல."

"அவங்களுக்கு எதுக்குடா?" என்றார் அப்பா. "அன்னைக்குக் களத்துல அத்தனை பேரும் கண்ணாலே பாத்தவங்கதான். எல்லாருக்கும் தெரியும் அது வெள்ளைன்னு. புள்ளகுட்டிக்காரங்க, பயந்துக்கிட்டு கண்ணு கூசுதுன்னாங்க. அப்புறம் வெக்கமாப் போயி என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. உங்கம்மாவும் களத்தோரத்துல கதிர் பொறுக்கிக்கிட்டு நின்னவதான்."

நான் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"பாக்காதவன் நீ ஒருத்தன்தான். நீ அப்ப கைப்புள்ள. அதான் உன்கிட்ட மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"இப்ப சொல்லுங்கப்பா. முதல்லேருந்து சொல்லுங்க, கேக்குறேன்" என்றேன். 

அப்பா என் முதுகில் சேற்றுக் கையோடு ஒரு தட்டுத் தட்டினார். "இனிமே எதுக்குடா? அதான் இரும்பு சொல்லிடிச்சே" என்று எழுந்து மடையை வெட்டப் போனார்.