அடுப்பேறாத அவல்

உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற மனுஷன், பச்சைப் புடலங்காயை ஒரு வார்த்தை பேசாமல் மென்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கு முதல் நாளே வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. பிழைக்க வந்த கன்னட ஊரில், நீலசந்திரா பக்கம் ஒற்றை அறை வீடு. என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையின் ஸ்டாஃப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி டாக்டர் அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி, இரண்டு மாதத்தில் குறையாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பஸ் போனால் கம்பெனி கேட்டில் உட்கார வேண்டியதுதான். அவருக்கு அது செத்த மாதிரி. எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர், அடுப்பில் ஏறாததை மட்டும் தின்றால் சர்க்கரை ஓடிப்போகுமாம், இனி எனக்குச் சமைக்காதே என்றார்.

பச்சை உணவு என்றதும் பாதாம், பேரீச்சை, ஆப்பிள் என்று அடுக்குகிறார்கள். எங்களுக்கு அதெல்லாம் எங்கே? சாயந்திரம் மார்க்கெட் கலைகிற நேரம் பார்த்துப் போவேன். கோணல் கேரட், வெடித்த வெள்ளரி, முற்றின முள்ளங்கி எல்லாம் அப்போது குவியலாகக் கிடைக்கும். வீட்டில் ஊறவைத்த வேர்க்கடலை, முளைகட்டின பயறு. இதைத் தின்றுவிட்டு டூட்டி முடிந்து வருகிறவர் முகம் சுண்டிக் கிடக்கும். பாவம் பார்த்து ஒரு நாள் கிண்ணம் நிறைய அவலை ஊறவைத்து, தேங்காய் துருவிப் போட்டு, வெல்லத்தைத் தாராளமாக நசுக்கிக் கலந்து கொடுத்தேன்.

"இது பச்சைதானா?"

"அடுப்பே பத்தவெக்கல, வந்து பாருங்க."

அதற்கப்புறம் அந்தக் கிண்ணம் தினமும் உண்டு.

ஒரு மாதம் போயிற்று. தொப்பை அப்படியே இருந்தது, தாகமும் அடங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டையை முகர்ந்து பார்த்தேன், பையைத் துழாவினேன். பஸ் நிறுத்துகிற இடத்துக்கு எதிரில் ஒரு தர்ஷினி, நின்றுகொண்டே தின்கிற ஹோட்டல். மசாலா தோசை வாசனை தெருவையே தூக்கும். ஒரு நாள் மத்தியானம் அங்கே போய் ஒரு மரத்தடியில் மறைந்து நின்றேன். வெட்கமாக இல்லையா என்றால், இல்லை. மனுஷன் பஸ் படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து முள்ளங்கியைக் கடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத்தான் இந்த நாடகம் என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பினேன்.

"உண்மையச் சொல்லுங்க, எங்க தின்றீங்க?"

"சத்தியமா எங்கயும் இல்லடி."

"உங்க சத்தியத்த நீங்களே வெச்சுக்குங்க."

இரண்டு மாதம் முடிந்து ரத்தம் கொடுத்தார். டாக்டரிடம் எதையாவது பூசி மெழுகுவார் என்று நானும் கூடவே போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். போன தடவையைவிட ஏறியிருந்தது. நான் சும்மா இருப்பேனா? "வீட்ல நான் குடுக்கறது எல்லாம் பச்சைதான் டாக்டர். கேரட், வெள்ளரி, பயறு, அவலு வெல்லம்..." என்று விரல் மடக்கினேன்.

டாக்டர் கன்னடக்காரர். "அய்யோ ராமா, அவலக்கியா? நெல்லை வெந்நீர்ல ஊறவெச்சு, வறுத்து, இடிச்சாதானேம்மா அவல்? அதுவும் சோறு மாதிரிதான். மேல வெல்லம் வேற. தினமுமா? யார் குடுத்தது இதை?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"அவ வேணாம்னுதான் சார் சொன்னா. நான்தான் அடம்புடிச்சு வாங்கித் தின்னேன்."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. வேண்டாம் என்றும் கேட்காமல் தின்கிற ஆளை நம்பி ஒரு பஸ் ஜனத்தை எப்படி ஏற்றுவது என்று திட்டிவிட்டு, மாத்திரை சாப்பிட்டுச் சர்க்கரை இறங்குகிறவரை ஸ்டியரிங் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாளிலிருந்து கேட் டூட்டி.

வெளியே வந்ததும் அழுதுவிட்டேன். "எதுக்குங்க அப்படிப் பொய் சொன்னீங்க? நான் தெரியாம செஞ்சதுன்னு சொல்லியிருந்தா ஒரு மாசம் டைம் குடுத்திருப்பாரே!"

அவர் என்னைப் பார்க்காமல் நடந்தார்.

"ரெண்டு மாசமா உண்மையத்தான் சொன்னேன், நீ நம்பல. அவராவது நம்பறாரான்னு ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன்."