சீனியில்லாத பிளேன்டீயும் ஒரு சாட்சியும்

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருபத்தாறு வருடம் நன்னடத்தை அதிகாரியாக இருந்தேன். கோர்ட்டில் சாட்சி சொல்ல வரும் பிள்ளைகளைப் பாதுகாப்பதும் அந்த வேலையில் ஒரு பங்கு. புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் சட்டப் பிரிவுகளைக் கேட்கிறார்கள். நான் ஒரு பிளேன்டீயைப் பற்றி, பாலில்லாத வெறும் தேநீரைப் பற்றிச் சொல்கிறேன்.

பிள்ளையின் உண்மைப் பெயரை எழுதக் கூடாது. லெச்சுமி என்று வைத்துக்கொள்வோம். வயது பதினொன்று. டவுனில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டிருந்தார்கள். அந்த வீட்டு அம்மா சூடான இஸ்திரிப் பெட்டியை இவள் கையில் வைத்து அழுத்தினார் என்பது வழக்கு.

அவள் சாட்சி சொல்வதற்கு முந்தின நாளே ஆளில்லாத கோர்ட்டைக் கூட்டிப் போய்க் காட்டினேன்.

"மிஸ், ஜட்ஜ் ஐயாவோட நாற்காலி ஏன் அவ்வளவு ஒசரம்?" என்றாள்.

சிரித்து மழுப்பிவிட்டு, "நாளைக்கு எல்லார்கிட்டயும் மரியாதையா பேசணும்" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மறுநாள் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போனேன். அந்த அம்மா கண்ணில் படாதபடி திரை போட்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் தரப்பில் வாதாடிய அரச சட்டத்தரணி கேட்டபோது லெச்சுமி நடந்ததை நடந்தபடி சொன்னாள். பிறகு எதிர்த்தரப்பு லோயர் எழுந்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. தேன் ஒழுகப் பேசினார்.

"பெட்டி சூடுன்னு தெரியாம நீங்களே கைய வச்சிட்டீங்க, அப்படித்தானே மகள்?"

"ஆமாங்க."

"அம்மா ஒங்கள நல்லாத்தானே பாத்துக்கிட்டாங்க?"

"ஆமாங்க."

வழக்கு கைவிட்டுப் போகிறது. சாட்சி முடியும்வரை பிள்ளையிடம் வழக்கைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆனால் அவள் முகத்தில் துளி பயமும் இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது.

இடைவேளையில் கன்டீனுக்குப் போனோம்.

"பாப்பாவுக்குச் சீனி வேணாம்தானே?" என்றார் கன்டீன்காரர்.

"ஆமாங்க."

ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள். "சீனி போடல மிஸ்."

"நீதானே வேணாம்னு சொன்ன?"

"பெரியவங்க கேக்குறப்ப இல்லைன்னு எப்படி மிஸ் சொல்றது? காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுல கங்காணி என்ன கேட்டாலும் எங்கம்மா ஆமாங்கன்னுதான் சொல்லுவாங்க."

தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மரியாதை என்றால் அதுதான். அவளுக்குப் போய் நான் மரியாதை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

அரச சட்டத்தரணியிடம் ஓடிப்போய் டீ விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் அதை எல்லோர் முன்னிலையிலும் நீதிபதியிடம் சொன்னார். நீதிபதி கூரையை அண்ணாந்து பார்த்தார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"வெளியே நல்ல வெயில் அடிக்குதுதானே?"

"ஆமாங்க."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "மகள், இங்க நான் கேட்டாலும் சரி, யார் கேட்டாலும் சரி, தப்புன்னா இல்லைன்னு சொல்லலாம். அது மரியாதைக் குறைவில்ல" என்று மொழிபெயர்ப்பாளரைச் சொல்லச் சொன்னார்.

லோயர் மறுபடி கேட்டார். "நீங்களேதானே கைய வச்சீங்க?"

லெச்சுமி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லீங்க. அம்மாதான் கையப் புடிச்சு வச்சாங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்தே இருந்தேன்.

அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையைக் கோர்ட் காட்டக் கூட்டிப் போனாலும் மரியாதையைப் பற்றி நான் பேசியதில்லை. சாட்சிக் கூண்டில் நிறுத்தி, "எனக்குக் கொம்பு மொளச்சிருக்குதானே?" என்று கேட்பேன். பிள்ளை இல்லை என்று சொல்லும்வரை வெளியே கூட்டி வந்ததில்லை.