குளிர்பெட்டிக் கரீமுல்லா

கரீமுல்லாவின் பெயரை ரஹிமுன்னிசா முதன்முதலாகக் கேட்டது ஒரு வசவில்தான். அரக்கோணத்தில் அவளுடைய சின்னம்மா மதீனா பீவி வீட்டில் சுன்னத்து விருந்து. "அந்தக் கரீமுல்லா குடிச்ச டம்ளரைத் தனியா வைங்கடி. புளி போட்டுத் தேச்சாலும் கிரீஸ் நாத்தம் போவாது" என்று சின்னம்மா சமையல்கட்டிலிருந்து கத்தினாள். மதீனா பீவிக்கு அவன் நாத்தனார் மகன். அந்த உரிமையில் வந்த ஏச்சு அது. ரஹிமுன்னிசா டம்ளரை எடுத்து மோந்து பார்த்தாள். நாற்றம் இருக்கத்தான் செய்தது. மறு வருஷம் அந்த நாற்றத்துக்கே வாழ்க்கைப்பட்டுத் திருத்தணிக்கு வந்தாள்.

கரீமுல்லா அரிசி மில் கஜபதியிடம் கார் டிரைவர். உலகச் சண்டைக் காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். பஸ்களெல்லாம் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓட, முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே ஓடின. கஜபதிக்கு மட்டும் மில் வேலை என்று சொல்லிப் பெட்ரோல் கிடைத்தது. மில் வேலை என்று வாங்கியதைக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எரித்தார். நல்ல பாரியான உடம்பு. சித்திரை பிறந்தால் போதும், அவர் உட்கார்ந்து எழுந்த இடத்தில் ஈரம் இருக்கும்.

"ஏண்டா, தொரைங்க பங்களாவுல வெட்டிவேர் தட்டி தொங்குது. நான் மட்டும் இந்தத் தகர டப்பாவுல வேகணுமா? உள்ள குளிரு வர்ற மாதிரி எதனா செய்டா" என்றார்.

கரீமுல்லா செய்தான். அவனுடைய கேடு அங்கேதான் பிறந்தது. ஒரு தகரப் பெட்டி, அதற்குள் தகரத்தில் வெட்டிய காற்றாடி. என்ஜின் சுற்றினால் ஒரு தோல்பட்டை காற்றாடியையும் சேர்த்துச் சுற்றும். பெட்டியின் வாயில் ஈர வெட்டிவேர்த் திண்டு. திண்டைச் சாக்குத்துணியில் தைத்துக் கொடுத்தவள் ரஹிமுன்னிசா. முதல்நாள் அந்தக் காற்று முகத்தில் பட்டதும் கஜபதி கண்ணை மூடிக்கொண்டார். பின்சீட்டு மனிதர் அன்று முதல் முன்சீட்டு மனிதர் ஆனார்.

"டிரைவர் பக்கத்துல குந்திகினு போறாரே" என்று கடைத்தெருவில் சிரித்தவர்களைக் கூப்பிட்டு, "மூஞ்சியக் காட்டுடா பெட்டிகிட்ட" என்பார். காட்டியவன் "அப்பா!" என்று வாயைப் பிளப்பான். ஊர் கரீமுல்லாவைக் குளிர்பெட்டி என்றே கூப்பிடத் தொடங்கியது. அவனும் பட்டம் கட்டினாற்போலத்தான் நடந்தான்.

வண்டி நின்றாலும் என்ஜின் நிற்கக் கூடாது. அது கஜபதியின் உத்தரவு. தாலுகா ஆபீஸ் வாசலில் அவர் ஆளுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம், வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும், அவர் வண்டிக்குள்ளேயே வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். காற்றாடி நின்றால் "செத்துட்டியாடா?" என்று ஒரு குரல் வரும்.

அந்த ஆனியில் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் திருப்பதிக்குக் கிளம்பினார் கஜபதி. எப்போதும் போகவரப் போதுகிற பெட்ரோல்தான். வழியில் மூன்று இடத்தில் சிநேகிதர்களை நிறுத்திப் பெட்டியைக் காட்டினார். புத்தூருக்கு இந்தப்புறமே பெட்ரோல் தீர்ந்து வண்டி விக்கி நின்றுவிட்டது. உச்சி வெயில். சரிகைத் தலைப்பாகையோடு கஜபதி வைக்கோல் வண்டியில் ஏறிப் போய்ச் சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கினார். "கார்ல வர்றதாச் சொன்னாங்களே" என்று யாரோ ஒரு கிழவி கேட்டாளாம். சம்பந்தம் அங்கேயே முறிந்தது.

திரும்பி வந்த கையோடு கரீமுல்லாவை மில் களத்தில் நிறுத்தினார்கள்.

"யாருக்குடா வித்த?"

"மொதலாளி, குர்ஆன் சாட்சியா ஒரு சொட்டு வெளிய போவல."

"அப்ப எங்க போச்சு? ஆவியாப் போச்சா?"

கஜபதி தாமே ஒரு சோதனை வைத்தார். அதே அளவு பெட்ரோலைத் தம் கையாலேயே ஊற்றி, மில் குமாஸ்தா துளசிங்கத்திடம் சாவியைக் கொடுத்தார். விடிகாலையில் துளசிங்கம் புறப்படும்போது தோல்பட்டையைக் கழற்றி மில் சுவர் ஆணியில் மாட்டினான். எஜமான் ஏறாத வண்டியில் எஜமான் காற்று எதற்கு? குமாஸ்தா அனுபவித்தான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிட்டால்? எங்கும் நிற்காமல் திருப்பதிக்குப் போய் வந்தான். டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தால், அடியில் இன்னும் இருந்தது.

"பாத்தியாடா" என்றார் கஜபதி, குச்சியைக் கரீமுல்லாவின் மூக்குக்கு நேரே ஆட்டி.

கரீமுல்லாவின் கண் ஆணியில் தொங்கிய பட்டைக்குப் போனது. அப்போதுதான் அவனுக்கே புரிந்தது. "மொதலாளி, காத்தாடியப் போட்டு ஓட்டிப் பாருங்க. அதையும் என்ஜின்தான் சுத்துது. நின்ன எடத்துலயும் வண்டி குடிச்சிகினே இருந்துச்சி."

"டேய், அடுப்பு எரிஞ்சா வெறகு செலவாவும். பானைத் தண்ணி ஜில்லுனு இருக்கறதுக்கு எவன்டா வெறகு வெப்பான்?" களத்தில் நெல் தள்ளிய பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அவர் சொன்னது எல்லாருக்கும் சரியாகவே பட்டது.

களத்து ஓரம் நின்ற ரஹிமுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "அய்யா, ஒரே ஒரு வாட்டி. பட்டையப் போட்டு, நீங்களே குந்திப் பாருங்கய்யா. கொறையலன்னா இவர நீங்களே போலீஸ்ல குடுங்க."

"உன் புருஷன் யோக்கியனான்னு பாக்க நான் இன்னொரு டப்பா பெட்ரோல் எரிக்கணுமா? சண்டைக் காலம்மா இது" என்றார் கஜபதி. அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

போலீசுக்குக் கொடுப்பதற்கு முன் ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆடிக் கிருத்திகை வரும்வரை அவனை மில்லில் மூட்டை தூக்க வைத்தார். கிருத்திகையன்று மலைப்படிக்கு அருகே, வாய் வெட்டிய காலிப் பெட்ரோல் டின்னைக் கயிற்றில் கோத்து அவன் கழுத்தில் தொங்கவிட்டு, இரண்டு மில் ஆட்களைக் காவலுக்கு நிறுத்தினார். காவடிக் கூட்டத்துக்கு என்ன தெரியும்? கழுத்தில் டின்னோடு வெயிலில் நிற்பவனை வேண்டுதல்காரன் என்று நினைத்துக்கொண்டது. "அரோகரா" என்று டின்னில் செப்புக்காசு போட்டது. அம்மையார்குப்பத்து நெசவுக்காரி ஒருத்தி காசு போட்டுவிட்டு நின்று, "என்னா வேண்டுதல் நைனா?" என்று அன்பாகவே கேட்டாள்.

"திருட்டு வேண்டுதல்" என்றான் காவலுக்கு நின்றவன்.

அவள் போட்ட காசைக் கையை விட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டாள். எதிர்க்கடை ஓரம் நின்ற ரஹிமுன்னிசா அதைப் பார்த்தாள். காசு விழும்போதெல்லாம் குனியாமல் நின்றவன், அந்த நெசவுக்காரி கை டின்னுக்குள் போனபோது தலை குனிந்தான்.

பிறகு ஜெயில். லைசென்ஸ் போயிற்று. மதீனா பீவி ஆள் விட்டனுப்பினாள்: "பொண்ணு வரலாம். அவன் வேணாம்." ரஹிமுன்னிசா போகவில்லை. அதே மில்லில் தவிடு புடைத்துப் பிழைத்தாள். வேறு எங்கே வேலை இருந்தது?

அங்கிருந்துதான் மற்றதையும் பார்த்தாள். கரீமுல்லா இடத்துக்குப் பெருமாள் என்று ஒரு டிரைவர் வந்தான். ஐப்பசி மழையில் குளிர்பெட்டிக்கு வேலை இல்லை. "தங்கமான பையன்" என்றார் கஜபதி. சித்திரையில் பட்டை மறுபடி ஏறியது, பெட்ரோல் குறைந்தது, பெருமாள் திருடன் ஆனான், செருப்படியோடு போனான். அடுத்து வந்தவனும் மழைக்கு யோக்கியன், வெயிலுக்குத் திருடன். அவனை அடிக்கிற அன்று ரஹிமுன்னிசா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அய்யா, மூணு பேருமா திருடுவாங்க?" என்று கேட்டாள்.

கஜபதி பெட்டிக்காற்றில் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. பிறகு துளசிங்கத்திடம், "இவ கணக்க இன்னியோட முடிச்சுடு" என்றுவிட்டுக் கார்க் கண்ணாடியை ஏற்றினார்.

என்ஜினை நிறுத்தச் சொல்லவில்லை.

ஜெயில் முடிந்து வந்த கரீமுல்லா இப்போது கனகம்மாசத்திரத்தில் இருக்கிறான். திருப்பதி பஸ்கள் நிற்கும் இடத்தில், கொதிக்கிற என்ஜின்களுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறான். ரஹிமுன்னிசா கிணற்றில் இறைத்துக் கொடுக்கிறாள்.