தனியாகப் போகாத பயணம்

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறேன். இங்கிருந்து கொட்டிவாக்கம் நேராகப் போனால் பத்து கிலோமீட்டர். அந்தச் சனிக்கிழமை தியாகராய நகரைச் சுற்றிக்கொண்டு போனதில் பதினாறு ஆனது. மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டி, அதைக் கட்டுரையாக எழுதிப் பிழைப்பவள் நான். எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லை. கேட்பவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். எத்தனையோ சரிவுகளில் இறங்கியிருக்கிறேன். சமதரையில் ஓட்டிய அந்தப் பதினாறு கிலோமீட்டர் போல எதுவும் என்னை உலுக்கியதில்லை.

காலையில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் அழைத்தான்.

"என்னடி மீனா, மலைக்குத் தனியாவா போன? சொல்லவே இல்ல! படிச்சு மிரண்டுட்டேன் போ."

"தனியாவா? யார் சொன்னா?"

"நீதான் எழுதியிருக்க!"

முந்தின நாள் மாலை, நான் எழுதிக் கொடுத்திருந்த ஓர் இணைய இதழில் என் கட்டுரை வெளியாகியிருந்தது. போன மாதம் கொடைக்கானலுக்கு மேலே மூன்று நாள் ஓட்டியதைப் பற்றியது. நான் எழுதிக் கொடுத்ததில் இரண்டு பேர் இருந்தோம்: நானும் என் தோழி ஷபானாவும். இரண்டாம் நாள் மழையில் முன்சக்கரம் வழுக்கி, பாதையோரம் சரிவில் உருண்டு, ஒரு புதரில் கால் சிக்கிக் கிடந்தேன். ஷபானா மேலே குப்புறப் படுத்து, தன் மழைக்கோட்டை முறுக்கிக் கீழே விட்டு, என்னை இழுத்து ஏற்றினாள். வீங்கிய காலோடு நான் நொண்ட, இரண்டு சைக்கிளையும் அவளே தள்ளிக்கொண்டு ஊர் வரை வந்தாள். கட்டுரையே அதுதான்.

வெளியான கட்டுரையில் ஷபானா இல்லை. ஓரிடத்தில்கூட இல்லை. "வேர்களைப் பற்றிக்கொண்டு நானே மேலே வந்தேன். அன்றுதான் என்னை நான் கண்டடைந்தேன்" என்று இருந்தது. என்னை நான் தொலைத்ததே இல்லை. அப்படியொரு வாக்கியம் என் கையிலிருந்து வராது. மேலே நான் சைக்கிளில் போவதைப் பின்னாலிருந்து எடுத்த பெரிய படம். ஷபானா எடுத்தது. அதற்குக் கீழே 'படம்: கட்டுரையாளர்'. ஓட்டிக்கொண்டே என் முதுகை நானே படம் எடுத்திருக்கிறேன்!

அப்போதுதான் அவளிடமிருந்து வந்திருந்த செய்தியைப் பார்த்தேன். "தனியா போய்ட்டு வந்தியா? நல்லா இருந்துச்சா?"

அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். காபியை அப்படியே வைத்துவிட்டுச் சைக்கிளை மாடியிலிருந்து இறக்கினேன்.

லஸ் முனையில் மெட்ரோ வேலைக்கு வைத்த தகரத் தடுப்புகள் சாலையை ஒரு பேருந்து போகும் அகலத்துக்குக் குறுக்கியிருந்தன. பின்னால் வந்த கார்க்காரர் விடாமல் ஹார்ன் அடித்தார். எங்கே ஒதுங்குவது, தகரத்துக்குள்ளேயா? திரும்பிப் பார்த்துக் கத்தினேன். கண்ணாடி ஏற்றியிருந்தது, கத்தல் எனக்குத்தான் கேட்டது. ஆழ்வார்பேட்டை, எல்டாம்ஸ் சாலை, அண்ணா சாலையைக் கடந்து பாண்டி பஜார். அகலமான நடைபாதையில் இரண்டு பெண்கள் துணிப்பைகளோடு ஒரே ஐஸ்கிரீமை மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கக்கூட எரிச்சலாக இருந்தது.

பனகல் பூங்கா தாண்டி, ஒரு பட்டுக் கடையின் பின்பக்கம் மூன்றாவது மாடியில் இதழின் அலுவலகம். ஆசிரியர் பிரவீண் முப்பது வயதுக்காரர். எப்போதும் போலச் சிரித்தபடி எழுந்து வந்தார்.

"மேடம்! பீஸ் சூப்பரா போகுது. வாசிக்கறவங்க உருகுறாங்க."

"ஷபானா எங்கே பிரவீண்?"

"யாரு... ஓ. மேடம், அது எடிட்டிங். ரெண்டு பேர்னா ஃபோகஸ் போயிடுது. ஒரு பொண்ணு, ஒரு மலை. அதுதான் நிக்கும்."

"என்னை அவதான் தூக்கினா. நீங்க வேர் தூக்கினதா போட்டிருக்கீங்க."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. குரலைத் தாழ்த்தினார். "ஓப்பனா சொல்றேன். அந்தப் பேரைப் போட்டா கமென்ட்ல வேற மாதிரி சண்டை ஆரம்பிக்கும். மலையை விட்டுடுவாங்க, பேரைப் புடிச்சுக்குவாங்க. உங்க நல்லதுக்குத்தான்."

எனக்குக் காது சூடானது. அந்தப் பெயரைப் போடுங்கள், அல்லது கட்டுரையை எடுங்கள் என்றேன்.

அவர் யோசித்தார். உண்மையிலேயே எனக்கு உதவ யோசிப்பவர் போலத்தான் முகம் இருந்தது.

"ஒண்ணு பண்ணலாமா? ஷோபனான்னு போட்டுடலாம். ரெண்டு எழுத்துதானே மாறுது. தெரிஞ்சவங்களுக்குப் புரியும்."

என்ன பதில் சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. கடைசியில் அவரும் சிரிப்பை விட்டார். கட்டுரை அவர்களுக்குச் சொந்தமாம், எடுக்க முடியாதாம். வேண்டுமானால் என் பெயரை நீக்கலாம் என்றார். அங்கேயே, என் கண்ணெதிரே, மடிக்கணினியில் தட்டினார். என் பெயர் இருந்த இடத்தில் 'நம் பயணக் குழு' என்று வந்தது. இப்போது அந்த மலையில் அவளும் இல்லை, நானும் இல்லை. வேர்கள் மட்டும் இருந்தன.

இனி என்னிடம் கட்டுரை கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வெங்கடநாராயணா சாலை, நந்தனம், கோட்டூர்புரம் பாலம். பாலத்துக்குக் கீழே ஆறு கறுப்பாக அசையாமல் கிடந்தது. ஓரத்துச் சேற்றில் கொக்குகள். என் மொழியில், என் காயத்தை வைத்து, என் பெயரில் ஒருவர் பொய் சொல்லியிருக்கிறார், அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார் என்பதை மிதிக்க மிதிக்க நினைத்துக்கொண்டேன். சைக்கிளில் கோபத்தோடு போவதில் ஒரு வசதி; வேகம் தானாக வருகிறது.

அடையாறு சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். தடித்த டயர்களைக் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா, டயரு பைக்கு மாரி கீது! இன்னா ரேட்டு?"

எண்பதாயிரம். "எட்டாயிரம்" என்றேன்.

"எட்டாயிரத்துக்கு இப்டி குடுக்குறானா? எந்தக் கட? எம் பொண்ணு கேட்டுக்கினே கீறா."

பொய் சொன்னது அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து ஒரு பொய்க்காகத்தான் அலைந்துகொண்டிருந்தேன். "எண்பது, அண்ணே. தப்பா சொல்லிட்டேன்" என்றேன்.

"எம்பதா!" பச்சை விழுந்தது. "அப்போ அவளுக்கு நடராஜா சர்வீஸ்தான்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்று காலை முதன்முதலாக நானும் சிரித்தேன்.

திருவான்மியூர் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. கொட்டிவாக்கத்தில் கடற்கரைக்குப் போகும் ஒரு குறுக்குத் தெருவில் ஷபானாவின் வீடு. அவள் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. கணவர் ரஃபீக்கும் அவருடைய அண்ணன் சலீமும் சேர்ந்து துணிக்கடை நடத்துகிறார்கள். கீழே அண்ணன் குடும்பமும் மாமியாரும், மேலே இவர்கள்.

கதவைத் திறந்த ரஃபீக் என் கண்ணைப் பார்க்கவில்லை. "வாங்கக்கா" என்றார், தரையைப் பார்த்து.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். ஷபானா சமையலறை வாசலில் கை கட்டி நின்றாள்.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "நீயே சொல்லும்மா மீனா. நான் இவளுக்கு இட்லிப்பொடி கட்டிக் குடுத்து அனுப்பினேன். மருமக பேரு பத்திரிகைல வருதுன்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பினதும் நான்தான். படிச்சுட்டு இவன் கேக்குறான், மீனா தனியா போயிருக்கு, அப்போ இவ மூணு நாளு எங்க போனான்னு."

இவன் என்று அவர் கை காட்டியது சலீமை.

எனக்கு அப்போதுதான் முழுக்கப் புரிந்தது. இவ்வளவு நேரமும் அவள் பெயர் விட்டுப்போனதற்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனது பெயர் மட்டுமல்ல, அவள் சொல்லுக்கு இருந்த மதிப்பும். ஒரே பொய்யை இரண்டு வீடுகளில் படித்திருக்கிறார்கள். என் வீட்டில் அதற்குப் பெயர் தைரியம். அவள் வீட்டில் அது சந்தேகம்.

"சந்தேகமெல்லாம் இல்லம்மா. படிச்சதைத்தானே கேட்டேன்" என்றார் சலீம்.

"எங்கிட்ட போட்டோ இருக்கு. நாப்பது போட்டோ" என்று போனை வேகமாக எடுத்தேன்.

ஷபானா குறுக்கே வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. சரிவின் மேலே குப்புறக் கிடந்து இழுத்தபோதுகூட.

"காட்டாத."

"அவங்க பார்த்தா முடிஞ்சுதுல்ல?"

"எனக்கு சாட்சி சொல்ல வந்தியா? நான் என்ன கேஸா? பன்னெண்டு வருஷம் இந்த வூட்டுல இருக்கேன். நான் சொன்னது பத்தல, எவனோ ஏசி ரூம்ல உக்காந்து வெட்டினது பத்துது. இப்போ உன் போட்டோ பத்தும். என் வாய்க்கு என்ன மதிப்பு?" பிறகு ரஃபீக்கைப் பார்த்தாள். "சலீம் மச்சான் கேட்டதுகூட எனக்கு வலிக்கல. நீங்க பேசாம உக்காந்திருந்தீங்க பாருங்க."

ரஃபீக் சுவரைப் பார்த்தார். போனை என் கையில் திணித்துவிட்டு அவள் மேலே ஏறினாள். திரும்பி வந்தபோது தோளில் சைக்கிள் இருந்தது.

"வா, போலாம்."

வாசலில் அவள் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது ரஃபீக்கின் குரல் கேட்டது. உரக்கத்தான் பேசினார், ஆனால் குரல் உடைந்திருந்தது. "அண்ணே, கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல அந்த ரெண்டு சைக்கிளையும் ஏத்தினது நான். தினம் சாயங்காலம் அவகிட்ட பேசினதும் நான். இனிமே யாரும் அவளை இதைக் கேக்காதீங்க."

"இதை நேத்தே சொல்லியிருக்கணும்" என்றாள் ஷபானா, திரும்பாமல். மாமியார் மட்டும் வாசல் வரை வந்து, வெயில் உச்சிக்கு ஏறும் முன் திரும்பச் சொன்னார்.

நீலாங்கரை வரை ஓட்டினோம். அங்கே மணலருகே சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம். அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். ஷோபனா என்றதும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒரு பிடி மணலை எடுத்து வீசினாள்.

"கட்டுரைலேருந்து என்னைத் தூக்கினது பரவால்ல. மாத்தி வேற ஒருத்திய நிக்க வைப்பானாமா?"

"முழுசா திரும்ப எழுதறேன். என் சொந்த இணையப் பக்கத்துலயே போடறேன்."

"எழுது. வூட்டுல நடந்ததையும் எழுது. நான் ரஃபீக் கிட்ட சொல்லிக்குறேன். ஆனா என்னைப் பாவமா எழுதாத. நான் கோவமா இருக்கேன், அப்படியே எழுது."

பிறகு ரஃபீக்கிடம் சொல்லிவிட்டாள். அவர் சம்மதித்தார். வீட்டில் பேச்சு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை என்றும் சொன்னாள். அவர் சம்மதித்ததால்தான் இதை இப்போது நீங்கள் படிக்கிறீர்கள்.

அன்று நண்பகல் வெயிலில் மயிலாப்பூர் திரும்பினேன். மந்தைவெளிப் பக்கம் சாலை கொதித்தது. சந்துக்குள் நுழைந்தால், கீழ் வீட்டு உமா மாமி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கிளிப்பை வாயில் கடித்தபடியே முகம் மலர்ந்தார்.

"மீனா! எங்காத்துல எல்லாரும் படிச்சுண்டிருக்கா. தனியா போய் விழுந்து எழுந்து வந்தியாமே! பெருமையா இருந்தது."

"தனியா போகல மாமி. ஷபானா கூட வந்தா. அவதான் என்னைத் தூக்கினா."

கிளிப்பை எடுத்தார். "யாரு?"

"ஷபானா. என் ஃப்ரெண்டு."

"ஓ." ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டார். மடிப்பை நீவினார். "ஆனாலும் உனக்குத் தைரியம் ஜாஸ்திதான்."

மலையில் விழுந்தபோது கைப்பிடிக்கு எதுவும் கிடைக்காமல் மண் சரிந்துகொண்டே போனது. அந்தப் படியருகே நின்றபோதும் அப்படித்தான் இருந்தது. மேலே போய்விடலாம், பசிக்கிறது, மாமி நல்லவர் என்று தோன்றியது. போகவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாளியில் கிடந்த புடவையின் ஒரு முனையை எடுத்து, மறுமுனையை அவர் கையில் கொடுத்தேன்.

"முழுசா சொல்றேன் மாமி. கேட்டுட்டுப் போங்கோ" என்று முதல் நாளிலிருந்து ஆரம்பித்தேன்.